பாலத்தின் மேல் இரண்டு சொத்தைப் பற்கள்

வாயை மூடிக்கொண்டு இருந்ததால் நான் எதிலும் மாட்டியதில்லை. காரணம், நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததே இல்லை. ஆனால் வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நான் மாட்டிய கதை ஒன்று உண்டு.

எங்கள் பகுதியில் ஒரு பல் டாக்டரம்மா இருக்கிறார். பூமி சூடாவதைப் பற்றி அவருக்கு இருக்கிற கவலையில் கால்வாசி எனக்கு என் வீட்டைப் பற்றி இருந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன். “ஒன்றரை டிகிரி! அதுக்கு மேல சூடு ஏறவே விடக்கூடாது!” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அவருக்கு ‘ஒன்றரை’ என்றே பெயர் விழுந்துவிட்டது. அவர் கூட்டம் போட்டால் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்காது. அதனால் மனுஷி தந்திரமாக ஒரு வேலை செய்தார். நோயாளியை நாற்காலியில் சாய்த்து, வாய்க்குள் பஞ்சு, கண்ணாடி, எச்சில் உறிஞ்சுகிற குழாய் எல்லாவற்றையும் வைத்த பிறகுதான் பேச்சையே ஆரம்பிப்பார். எதிர்த்துப் பேச எவனால் முடியும்? அவருடைய சுற்றுச்சூழல் குழுவில் இருக்கிற அத்தனை பேருக்கும் குறைந்தது ஒரு பல்லாவது அடைத்திருக்கும்.

என் முறை வந்தபோது எனக்குக் கடைவாய்ப் பல்லில் உயிர் போகிற வலி. நாற்காலியில் கிடந்தேன்.

“வருஷக் கடைசி லீவுல நம்ம ரெண்டு தெருவுக்கும் ஒரு போட்டி வைக்கிறோம்,” என்றார் ஒன்றரை, பல்லைக் குடைந்துகொண்டே. “கால்வாய்க்கு இந்தப் பக்கம் ஒரு அணி, அந்தப் பக்கம் ஒரு அணி. ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனி டிரான்ஸ்பார்மர் இருக்கில்ல? எந்தப் பக்கம் எவ்வளவு கரண்டு ஓடுதுன்னு தினமும் சொல்றோம்னு மின்சார ஆபீஸ்ல ஒத்துக்கிட்டாங்க. யாரு கம்மியா செலவு பண்றாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. கடைசி நாள் கால்வாய்க் கரையில எல்லாருக்கும் ஒண்ணா சாப்பாடு. தோத்த தெருவோட தலைவர் அத்தனை பாத்திரத்தையும் கழுவணும். உங்க தெருவுக்கு நீங்கதான் தலைவி. சரிதானே?”

“ஆ... ஆ...” என்றேன். ‘ஐயோ, என்னால் ஆகாது, நான் தையல்காரி, லீவு சமயத்தில்தான் எனக்குத் தலைக்கு மேல் வேலை’ என்பதன் சுருக்கம் அது.

“ரொம்ப சந்தோஷம்,” என்றார் அவர்.

பஞ்சை எடுத்த பிறகு சண்டை போடலாம் என்று காத்திருந்தேன். எடுத்ததும் பாதி வாய் மரத்துப் போயிருந்தது. கோணல் வாயோடு ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடிந்தது: அந்தப் பக்கத்துத் தலைவர் யார்?

“உங்க தங்கச்சிதான். போன வாரம் பல்லு பிடுங்க வந்திருந்தாங்க. தெரியாதா?”

எனக்கு எப்படித் தெரியும்? நாங்கள் பேசி மூன்று வருஷம் ஆகிறது.

சண்டை எதற்கு என்று கேட்டால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கு என்ன. அவள் கால்வாய்க்கு அந்தப் பக்கம் புது வீடு குடிபோனாள். அன்றைக்குப் போட்டுக்கொள்ள நான் ராத்திரி பகலாக உட்கார்ந்து ஒரு பிளவுஸ் தைத்துக் கொடுத்தேன். பச்சை நிறம், கையில் சின்னச் சின்னதாக மடிப்பு. போய்ப் பார்த்தால் மகாராணி, கடையில் வாங்கின ஒன்றைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். ஏன் என்று கேட்டேன். “நீ தைச்சதுல கையைத் தூக்கவே முடியலக்கா,” என்றாள், அவள் மாமியார் வீட்டு ஆட்கள் இருபது பேர் நடுவில். தையல்காரியிடம் சொல்கிற வார்த்தையா அது? எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. “நான் எடுத்த அளவு சரிதான்டி. நடுவுல நீ பெருத்துட்டா நான் என்ன பண்றது?” என்றேன். அவள் முகம் அப்படியே சுருங்கிப்போனது. அன்றைக்கு மூடின வாய்தான். அவள் வரவில்லை, நானும் போகவில்லை. நடுவில் இருப்பது ஒரு காய்ந்த கால்வாய், அதன் மேல் ஒரு பாலம். குழந்தைகூட ஓடித் தாண்டிவிடும். எனக்கு அது கடலாக இருந்தது.

அதனால் போட்டி என்று சொன்னதும் எனக்குப் பூமியும் தெரியவில்லை, டிகிரியும் தெரியவில்லை. தங்கச்சி முன்னால் உட்கார்ந்து பாத்திரம் தேய்ப்பதாவது! அதற்கு இருட்டிலேயே குடித்தனம் நடத்திவிடலாம் என்று கிளம்பினேன்.

ஒன்றரை பாலத்தின் மேல் இரண்டு பெரிய பற்களை வெட்டி நிறுத்தினார். ஆள் உயரம், பலகையில் செய்து வெள்ளை அடித்தது. இந்தப் பக்கம் பார்த்து எங்கள் பல், அந்தப் பக்கம் பார்த்து அவர்கள் பல். தினமும் சாயங்காலம், கரண்டு ஓடின அளவுக்குப் பல்லில் கறுப்புப் பெயின்ட் அடிப்பார். அதுதான் சொத்தை. பல்லின் உள்ளே சிவப்பாக ஒரு கோடு. அது நரம்பாம். போன வருஷம் இதே லீவில் எவ்வளவு செலவானதோ அந்த அளவு. சொத்தை நரம்பைத் தொடக்கூடாது என்பது அவர் உத்தரவு.

முதல் சில நாள் எங்கள் தெரு நடந்துகொண்ட விதத்தைப் பார்த்திருந்தால் நீங்களே கையெடுத்துக் கும்பிட்டிருப்பீர்கள். நான் தையல் மிஷினிலிருந்து மோட்டாரைக் கழற்றிவிட்டு, பெல்ட்டை மாட்டிக் காலால் மிதித்தேன். பக்கத்து வீட்டு போட்டோக்காரர் ஸ்டுடியோ விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, ஆட்களை நடுத்தெருவில் வெயிலில் நிறுத்திப் படம் எடுத்தார். எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கடன்காரனைப் பார்த்த மாதிரியே விழுந்தார்கள். வருஷா வருஷம் லீவுக்கு மினுக்கு மினுக்கு என்று மாட்டுகிற கலர் பல்புச் சரம் எதுவும் வேண்டாம் என்று தடுத்துவிட்டு, என்னிடம் மிச்சமிருந்த வெட்டுத் துணியையெல்லாம் முக்கோணமாக நறுக்கிக் கயிற்றில் கோத்து, தெருவுக்குக் குறுக்கே கட்டினோம். அழகாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். நாள் முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டு வந்து டிவி முன்னால் விழுகிற மனுஷன். நான் டிவிக்கு மேல் போர்வை போட்டு மூடிவிட்டேன். அவர் அந்தப் போர்வையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தூங்கப் போனார். வாயில்லாப் பூச்சி.

எங்கள் பல்லில் கறுப்பு ஒரு கட்டைவிரல் அளவுதான். அவர்கள் பல்லிலும் அவ்வளவுதான், ஒரு நூல் அளவு அதிகம். நான் தினமும் பாலத்துக்குப் போய் அந்த ஒரு நூலைப் பார்த்துவிட்டு வருவேன். ராத்திரிச் சாப்பாடு அதற்கப்புறம்தான் இறங்கும்.

கெட்டது போட்டோக்காரர் வீட்டில்தான் ஆரம்பித்தது.

அவருடைய மகளைக் கட்டிக் கொடுத்தது அந்தப் பக்கத்தில். ஒருநாள் மத்தியானம் சம்பந்தி வீட்டார் கூண்டோடு வந்து இறங்கினார்கள், சொல்லாமல் கொள்ளாமல். லீவாச்சே, சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தார்களாம். சம்பந்தியைப் புழுக்கத்தில் உட்கார வைக்க முடியுமா? ஏசி போட்டார்கள். சம்பந்தியம்மா, “குளிச்சுட்டு வரேன், வெந்நீர் இருக்குமா?” என்றார். ஹீட்டர் போட்டார்கள். சம்பந்தி ஐயா செய்தி பார்க்கணும் என்றார். டிவி. போவதற்கு முன்னால் தங்கள் வீட்டு ஆட்கள் அத்தனை பேர் போனையும் எடுத்து, “கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கறோம்,” என்று சுவரில் இருந்த ஓட்டையை எல்லாம் அடைத்தார்கள்.

அன்று சாயங்காலம் எங்கள் சொத்தை மளமளவென்று ஏறியிருந்தது. அந்தப் பக்கம் ஏறவே இல்லை. போட்டோக்காரர் பல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகத் திரும்பினார்.

“தையலக்கா, அவங்க சும்மா வரல,” என்றார்.

அடுத்த நாள் காலையிலேயே குளிக்காமல்கொள்ளாமல், குடும்பத்தோடு சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டார். சாயங்காலம் குளித்து, தலை உலர்த்தி, தேய்த்த சட்டையோடு திரும்பினார். அந்தப் பக்கத்துப் பல் கறுத்தது.

அவ்வளவுதான். விஷயம் காட்டுத் தீயாகப் பரவிவிட்டது. எங்கள் இரண்டு தெருவிலும் பெண் எடுக்காத, பெண் கொடுக்காத வீடே கிடையாது. அத்தை, மாமா, ஓர்ப்படி, சகலை, ஒன்றுவிட்டது, இரண்டுவிட்டது என்று பாலத்தில் ஒரே கூட்டம். கையில் பழம் வாங்கிக்கொண்டு போகிற பழக்கம் போய், தேய்க்காத துணி மூட்டையோடு போக ஆரம்பித்தார்கள். ஒருவர் மாவு அரைக்க மிக்ஸி ஜாடியையே தூக்கிக்கொண்டு போனார். மூன்று வருஷமாக எட்டிப் பார்க்காத சித்தப்பாவின் உடம்பைப் பற்றி எல்லோருக்கும் திடீரென்று அக்கறை வந்துவிட்டது. ‘போங்கள்’ என்று எவன் சொல்வான்? வந்த விருந்தாளிக்கு ஃபேன் போடவில்லை என்ற பேச்சை, செத்த பிறகும் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசுவார்கள். ஜெயித்து என்ன பிரயோஜனம்? சாயங்காலமானால் இரண்டு பற்களும் போட்டி போட்டுக்கொண்டு கறுத்தன. ஒன்றரை பெயின்ட் டப்பாவோடு பாலத்தில் நின்று, ஒன்றும் புரியாமல் கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டு முன்னறையில் துணிக் குவியலுக்கு நடுவே எங்கள் அணியின் அவசரக் கூட்டம் நடந்தது.

“அக்கா, உங்க தங்கச்சி வீட்டுல மூணு ஏசி இருக்கு,” என்றார் போட்டோக்காரர். “நீங்க ஒருத்தங்க போய் உக்காந்தா போதும். மத்தவங்க யாருமே போக வேணாம். அவங்க பல்லு ஒரே நாள்ல புட்டுக்கும்.”

“கூப்பிடாத வீட்டுக்கு நான் போறதா?”

“நாங்க மட்டும் என்ன, பத்திரிகை வச்சுக் கூப்பிட்டா போனோம்?”

“போய்யா வேலையைப் பாத்துக்கிட்டு! தோத்தா நானே கழுவிக்கறேன்!” என்று கத்திவிட்டேன். என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். பாத்திரம் கழுவக்கூடாது என்றுதானே மனுஷனின் டிவிக்குப் போர்வை போர்த்தினேன்! எனக்கே என் மேல் எரிச்சலாக வந்தது. போகணும் என்று ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் இத்தனை நாள் கழித்துப் போவது கரண்டைத் திருடுவதற்கா? அவள் கதவைத் திறந்து என்னைப் பார்த்தால், கையில் இருக்கிற இஸ்திரித் துணியைத்தானே பார்ப்பாள்?

மறுநாள் மத்தியானம் வாசலில் செருப்புச் சத்தம். மிஷினை மிதித்துக்கொண்டே, “யாரு? அளவு கொடுக்கறதுன்னா சாயங்காலம் வாங்க,” என்றேன். நிமிர்ந்தேன்.

என் தங்கச்சி நின்றாள். ஈரத் தலை. ஒரு கையில் துணி மூட்டை, மறு கையில் முடி உலர்த்துகிற மிஷின். பின்னால் அவள் வீட்டுக்காரர், மருந்துக்கடை வைத்திருக்கிறவர், பாவம், காணாமல் போன ஆடு மாதிரி விழித்துக்கொண்டு நின்றார்.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எனக்குக் கால் ஆடியது. மிஷின் தன்பாட்டுக்கு இன்னும் நாலு தையல் போட்டது, யாருடைய கழுத்துப் பட்டியிலோ.

அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் வீட்டுக்காரரைப் பார்த்து, “ரொம்ப புழுக்கமா இருக்குன்னு அவங்ககிட்ட சொல்லுங்க,” என்றாள்.

அவங்க! சொந்த அக்கா ‘அவங்க’ ஆகிவிட்டேன். மரியாதை கொடுத்தே ஒரு ஆளைக் கொல்ல முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“அண்ணி, புழுக்கமா இருக்காம்,” என்றார் அவர்.

“ஃபேன் போடறேன்னு சொல்லுங்க மாப்பிள்ளை,” என்றேன்.

“ஃபேன் போடறாங்களாம்.”

“துணி தேய்க்கணும்னு சொல்லுங்க.”

“இஸ்திரிப் பெட்டி மேசை மேலதான் இருக்குன்னு சொல்லுங்க. வெந்நீரும் போடறேன். ஏசி ரூம்லயே உக்காரச் சொல்லுங்க. டிவி வேணுமா கேளுங்க!”

எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. டிவி மேலிருந்த போர்வையை உருவி எறிந்தேன். ஹால் விளக்கு, சமையலறை விளக்கு, பட்டப்பகலில் வாசல் விளக்கு என்று எல்லாவற்றையும் போட்டேன். கேக் செய்கிற அடுப்பு ஒன்று வாங்கி வருஷக்கணக்காகச் சும்மா கிடந்தது. அதில் வைக்க ஒன்றுமில்லை. வெறுமனே போட்டுவிட்டேன். மருந்துக்கடைக்காரர் இடமும் வலமும் தலையைத் திருப்பித் திருப்பிச் சொல்லியே கழுத்து சுளுக்கிக்கொண்டார். அவள் வந்தது என்னைத் தோற்கடிக்க என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் அவள் என் வீட்டில், என் மேசைக்கு முன்னால் நின்று, அம்மா மாதிரியே உதட்டைக் கடித்துக்கொண்டு துணி தேய்க்கிறாள். இன்னும் ஒரு மூட்டை துணி கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. எங்கள் தெரு தோற்றால் தோற்கட்டும் என்று அந்த நிமிஷத்தில் மனதாரத் துரோகம் செய்தேன்.

பதிலுக்குப் போகாவிட்டால் மரியாதை இல்லையே. அடுத்த நாள் நான் போனேன், வெறுங்கையோடு இல்லை. மோட்டாரை மாட்டி, மிஷினையே என் வீட்டுக்காரர் தோளில் ஏற்றிக்கொண்டு போனேன். பாலத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். தங்கச்சி என் மிஷினைப் பார்த்தாள். மூன்று ஏசியையும் போட்டாள். அந்தக் குளிரில் நான் போர்வையைப் போர்த்திக்கொண்டு எட்டுச் சட்டை தைத்தேன். அவள் எதிரே உட்கார்ந்து பட்டன் கட்டினாள். யாரும் கேட்காமலே எடுத்துக் கட்டினாள். இரண்டு சகலைகளும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து சேதி சொன்னார்கள். “ஊசி வேணுமாம்.” “டப்பாவுல இருக்காம்.” அதற்கடுத்த நாள் அவள் வந்தாள். அதற்கடுத்த நாள் நான் போனேன். லீவு முடியக்கூடாதே என்று பள்ளிக்கூடப் பிள்ளையைவிட அதிகமாக வேண்டிக்கொண்டவள் நான்தான்.

கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம், ஒன்றரை எல்லோரையும் பாலத்துக்கு வரச் சொன்னார். போனோம். இரண்டு பற்களிலும் கறுப்பு அந்தச் சிவப்புக் கோட்டைத் தாண்டி மேலே போயிருந்தது.

“போன வருஷத்தைவிட அதிகம்,” என்றார் அவர். “ரெண்டு பக்கமும். ஊரு பூரா கலர் லைட்டு போட்டு எரிச்சப்போகூட இவ்வளவு ஆகல.”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். போட்டோக்காரர்தான் சும்மா இருக்க முடியாமல், “விடுங்க டாக்டரம்மா. தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, சாண் போனா என்ன, முழம் போனா என்ன,” என்றார்.

ஒன்றரை பாலத்துக்குக் கீழே எட்டிப் பார்த்தார். கால்வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. மண் வெடித்துக் கிடந்தது. வருஷக் கடைசியில், முன்பெல்லாம் போர்வையை இழுத்து மூடுகிற மாதத்தில், எங்கள் எல்லோருக்கும் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“வெள்ளமா? எங்க?” என்றார். அப்படியே பாலத்துத் திண்டில் உட்கார்ந்துவிட்டார். “என்னை ஒன்றரைன்னு கூப்பிடறீங்கன்னு எனக்குத் தெரியும். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடும்போதாவது விஷயம் ஞாபகம் வரும்னு நினைச்சேன். அதான் கோவிச்சுக்கல.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெட்கம் வந்தால் எனக்குக் கத்தத்தான் தெரியும். கத்தினேன்.

“என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க! நாளைக்குக் கடைசி நாள். காலையில ஒவ்வொரு வீட்டுலயும் மெயின் சுவிட்சை இறக்குங்க. உடம்பு முடியாதவங்க வீடு மட்டும் விடுங்க. ஒருத்தனும் ஒருத்தன் வீட்டுக்குப் போகக்கூடாது. எவனுக்கு எந்தச் சம்பந்தியைப் பாக்கணுமோ, கால்வாய்க் கரையில மரத்தடிக்கு வந்து பாரு!”

பாலத்தின் அந்த முனையிலிருந்து என் தங்கச்சி தன் வீட்டுக்காரரிடம் சொன்னாள்: “அவங்க சொல்றது சரின்னு சொல்லுங்க.”

“அண்ணி, நீங்க சொல்றது சரியாம்!” என்று அவர் அங்கிருந்து கத்தினார். இரண்டு தெருவுக்கும் கேட்டது.

மறுநாள் அப்படித்தான் நடந்தது. மரத்தடியில் பாயும் நாற்காலியும் போட்டு, காலையிலிருந்து இருட்டுகிற வரை எல்லோரும் அங்கேயே கிடந்தோம். என் வெட்டுத் துணித் தோரணத்தை அவிழ்த்து, பாலத்தின் குறுக்கே இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துக் கட்டினார்கள். எங்கள் பக்கத்தில் அரிசி வெந்தது, அந்தப் பக்கத்தில் குழம்பு கொதித்தது. இத்தனை நாளாக ஒருவர் வீட்டில் ஒருவர் உட்கார்ந்து கரண்டு குடித்தவர்கள், கரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசித் தீர்த்தார்கள். சாயங்காலம் ஒன்றரை பெயின்ட் டப்பாவைத் திறந்தார், கணக்கைப் பார்த்தார், மூடிவிட்டார். அன்றைக்கு அடிக்கிற அளவுக்கு ஒன்றுமே இல்லை. டாக்டரம்மா சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவருக்கே முன்பல் ஒன்று கோணல்.

ஆனாலும் பல் இரண்டும் சொத்தைதான், இரண்டு பக்கமும் தோல்விதான். அதனால் பாத்திரத்தை இரண்டு தலைவிகளும் சேர்ந்து கழுவ வேண்டும் என்று தீர்ப்பானது. சகலைகள் இருவரும் எங்கேயோ நழுவிவிட்டார்கள். குழாயடியில் நானும் அவளும், நடுவில் மலை மாதிரி பாத்திரம். சேதி சொல்ல ஆள் இல்லை.

ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தோம். பிறகு அவள் கையில் இருந்த அண்டாவைப் பார்த்து, “ரொம்ப அடி பிடிச்சிருக்கு,” என்று அண்டாவிடம் சொன்னாள்.

நான் என் கையிலிருந்த கரண்டியிடம், “ஊற வச்சா போயிடும்,” என்றேன்.

“லீவு முடிஞ்சுது. போட்டியும் முடிஞ்சுது. நாளைலேர்ந்து நிம்மதி, யாரும் வந்து தொல்லை பண்ண மாட்டாங்க,” என்றாள் அண்டாவிடம்.

“வர வேணாம்னு இங்க யாரும் சொல்லல,” என்று கரண்டியிடம் சொன்னேன்.

அண்டா பதில் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. கழுவி முடித்துக் கவிழ்த்துவிட்டு, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

மறுநாள் என் வீட்டுக்காரர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டன. தெருவில் அவரவர் வீட்டில் அவரவர் ஃபேன். தங்கச்சி வீட்டுக்காக மாட்டின மோட்டாரை மறுபடியும் கழற்றி வைத்துவிட்டேன். காலால் மிதிப்பதே பழகிவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் மோட்டார் ஓடினால் வாசல் சத்தம் கேட்காது. மத்தியானம் வரை யாரும் வரவில்லை. வர மாட்டாள். எதற்கு வருவாள்? வருவதற்கு ஒரு காரணம் இருந்தது, அதையும் நானே மெயின் சுவிட்சை இறக்கச் சொல்லி அணைத்துவிட்டேனே. பூமியைக் காப்பாற்றப் போய்த் தங்கச்சியை விட்டுவிட்டேன் என்று ஒன்றரை மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

செருப்புச் சத்தம் கேட்டது.

தனியாக வந்திருந்தாள். துணி மூட்டை இல்லை, தலையில் ஈரம் இல்லை, வீட்டுக்காரர் இல்லை. வெயிலில் வந்ததில் முகமெல்லாம் வியர்வை. நான் எழுந்து சுவிட்சுப் பக்கம் கையை நீட்டினேன்.

“போடாதக்கா,” என்றாள். “சும்மாதான் வந்தேன்.”

கை அப்படியே நின்றுவிட்டது. அப்போதுதான் கவனித்தேன். பச்சை பிளவுஸ். கையில் சின்னச் சின்ன மடிப்பு. நெற்றி வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். பாதிதான் போனது. அதற்கு மேல் தூக்க முடியாமல், தலையைக் குனிந்து கையிடம் கொண்டுவந்து துடைத்துக்கொண்டாள்.

என் நாக்கு இருக்கிறதே, அதற்கு நேரம் காலம் கிடையாது.

“நான் எடுத்த அளவு சரிதான்டி,” என்றேன். “நீதான் பெருத்துட்ட.”

சொன்ன பிறகுதான் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவள் என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்த சிரிப்பில் கக்கத்துத் தையல் இரண்டு பக்கமும் டர்ரென்று விட்டுப்போனது. நான் அழுதுகொண்டே கத்தரிக்கோலைத் தேடினேன்.

“கழட்டிக் கொடுடி, பிரிச்சுத் தரேன்,” என்றேன்.

அவள் என் நைட்டி ஒன்றை மாட்டிக்கொண்டு, மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கிடந்த கடுதாசி அட்டையை எடுத்து எனக்கு விசிறினாள். நான் மிதித்தேன். இரண்டு பேருக்கும் வேர்த்துக் கொட்டியது. ஃபேன் போடணும் என்று யாருக்கும் தோன்றவில்லை.